சனிக்கிழமைப் பிள்ளை

வெதர்ஷா
12 பிப்ரவரி 1934

தம்பி கிளெமென்ட்டுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று உன் வீட்டில் எனக்குக் கதவைக் காட்டினாயே, அதற்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். அப்பாவைக் கொஞ்ச நாள் என்னோடு அனுப்பு என்று கேட்டது ஒரு குற்றமா? "உங்க ஊர்ப் புகையில மனுசன் இருப்பானா"ன்னு எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கினாய். போகட்டும். இப்போது எழுதுவது அதைப் பற்றி அல்ல.

அன்றைக்கு நான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா என் கையைப் பிடித்து ஒன்று கேட்டார். நீ கோபத்தில் உள்ளே போய்விட்டாய், அதனால் உனக்குத் தெரியாது. "லெட்டி, நான் பொறந்த ஊர்லதானே நீ வாக்கப்பட்டிருக்க. அங்க கூப்பர் வளவுன்னு ஒண்ணு இருக்கும். அதையெல்லாம் இடிக்கப் போறாங்களாமே. அதுக்கு முன்ன எங்க வீடு எதுன்னு பார்த்துச் சொல்லும்மா. எனக்கு ரெண்டு கதவு ஞாபகம் வருது. பம்புக்கு எதுத்தாப்ல ஒண்ணு, சந்து முனையில ஒண்ணு. எது நம்ம கதவுன்னு தெரியாமலே போய்ச் சேர்ந்துருவேன் போல இருக்கு" என்றார். எழுபத்திரண்டு வயது மனிதர் அப்படிக் கேட்டால் நீயாக இருந்தாலும் தேடித்தான் போயிருப்பாய்.

இந்த ஊரில் வளவு தேடுவது என்ன பாடு என்று ஹல்லில் இருக்கிற உனக்குத் தெரியாது. ஒரு முற்றத்தைச் சுற்றின வாடகை வீடுகள் யாருக்குச் சொந்தமோ அவன் பேர்தான் அந்த வளவுக்குப் பேர். அவன் விற்றால் பேரும் மாறிவிடும். ஆனால் குடியிருக்கிற சனம் புதியவனைப் பிடிக்கவில்லை என்றால் பழையவன் பேரையே சொல்லிக்கொண்டிருக்கும். கூப்பர் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் வேறு இருந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு வளவோடு. முதலில் கறிக்கடைக்குப் பின்னால் ஒரு வளவைக் காட்டினார்கள். நான் அங்கே ஒரு கதவைத் தொட்டுக்கொண்டு அழுதே விட்டேன். உள்ளே இருந்து ஒருத்தி வந்து, "யம்மா, இந்தக் கதவு நான் வந்தப்புறம் போட்டது. வேற எங்கயாச்சும் போய் அழு" என்றாள். சிரிக்காதே.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். இப்போது அதற்கு ஹெயிஸ் வளவு என்று பேர். ஆள் பக்கவாட்டில் நுழைகிற மாதிரி ஒரு சந்து, அதற்குள்ளே முதுகோடு முதுகு ஒட்டின வீடுகள், நடுவில் துருப்பிடித்த பம்பு. எல்லாக் கதவிலும் நகரசபை வெள்ளைக் குறுக்குக்கோடு போட்டிருக்கிறது. சந்து முனையில் ஒரு வீட்டில் மட்டும் புகை வந்தது. தட்டினேன். கிழவி ஒருத்தி, கையில் அடுப்புக் கம்பியோடு திறந்தாள்.

"நகரசபையா? போகமாட்டேன்னு நேத்தே சொல்லியாச்சு."

"இல்லம்மா. எங்க குடும்பம் முன்ன இந்த வளவுலதான் இருந்துச்சாம். ஆம்லர்னு பேரு. நான் சேத் ஆம்லரோட மக."

கிளெம், அவள் முகம் அப்படியே வெளுத்துப்போனது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சேத் ஆம்லர் நாலு வயசுல செத்தான். செத்தவனுக்கு ஏது மக?" என்று கதவைச் சாத்திவிட்டாள். நான் மறுபடி தட்டியதற்கு உள்ளே இருந்தே கத்தினாள்: "உங்கப்பன் உசிரோட இருந்தா அவன்கிட்டப் போய்க் கேளு, சனிக்கிழமை மத்தியானம் அவன் எந்த வீட்டுல இருந்தான்னு!"

அக்கம்பக்கத்துக் கடையில் விசாரித்தேன். பேர் கெசியா சக்டன், மில்லில் துணியில் முடிச்சு எடுத்துக்கொண்டிருந்தவள், கல்யாணம் இல்லை, பைத்தியமும் இல்லை என்றார்கள். அப்பாவிடம் பக்குவமாகக் கேட்டு எழுது.

உன் அக்கா
லெட்டி


ஹல்
14 பிப்ரவரி 1934

அக்காவுக்கு,

நான் உனக்குக் கதவைக் காட்டவில்லை. கதவு திறந்து கிடந்தது, குளிர் வருகிறது என்றேன். நீ அதை எப்படி எடுத்துக்கொண்டாய் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

அப்பாவிடம் நான் எதையும் கேட்கப் போவதில்லை. போன வாரம் டாக்டர் வந்து பார்த்தார். இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, மாடிப்படிகூட இறங்க விடாதீர்கள், மனதுக்கு அதிர்ச்சியாக எதுவும் சொல்லாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அவரை நானே தூக்கித்தான் குளிப்பாட்டுகிறேன். உன் கடிதம் வந்ததும், "லெட்டியா எழுதியிருக்கா? கதவைக் கண்டுபிடிச்சாளாமா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பதினெட்டு வருடமாக அடக்கச் சங்கத்துக்காக, சாவுச் செலவுக்கென்று சனம் கட்டுகிற காசை வசூலிக்க, வாராவாரம் வீடு வீடாக ஏறி இறங்குகிறவன் நான். இந்த மாதிரிக் கிழவிகளை எனக்கு நன்றாகத் தெரியும். பேச ஆள் இல்லாமல் போனால் வாயில் வந்ததைச் சொல்வார்கள். அதைக் கேட்டு நீ கலங்குகிறாய். அப்பாவின் பேர் சேத் ஆம்லர், நாம் அவர் பிள்ளைகள். இதில் விசாரிக்க ஒன்றும் இல்லை. நம் ஆட்கள் எப்படியோ தட்டுத்தடுமாறி அந்தச் சேற்றிலிருந்து ஏறி வந்திருக்கிறார்கள். நீ எதற்குத் திரும்ப இறங்குகிறாய்? அந்தப் பக்கம் இனிமேல் போகாதே.

கிளெமென்ட்


வெதர்ஷா
19 பிப்ரவரி 1934

கிளெம்,

போனேன். போகாதே என்று நீ சொன்ன பிறகு போகாமல் இருக்க எனக்கு எந்தக் காலத்தில் தெரிந்தது?

தேயிலைப் பொட்டலமும் இஞ்சி கேக்கும் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். "என்ன, லஞ்சமா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, உள்ள வா. காலைத் தொடச்சுட்டு வா. இடிக்கப்போற வீடுன்னாலும் இன்னும் என் வீடுதான்." பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ உட்கார்ந்துகொண்டு படி. உன் மனைவி டாரத்தி பக்கத்தில் இருந்தால் வெளியே அனுப்பு.

"அந்த வருஷம் வளவுல காய்ச்சல். பன்னெண்டு வீட்டுக்கு ஒரு பம்பு, பம்புக்குப் பக்கத்துலயே கக்கூஸு. கேக்கணுமா? பம்புக்கு எதுத்த வீட்டுல ஆம்லரோட பையன் சேத் செத்தான். ஒரே பிள்ளை. ஆம்லருக்கு மில்லுல வேலை போயிருந்துச்சு, அடக்கச் சங்கத்துக்குக் காசு கட்டல. சங்கம் இல்லன்னா பொதுக்குழிதான். அந்தக் குழி நிறையுற வரைக்கும் மூட மாட்டாங்க, தெரியுமா உனக்கு? மேல பலகையப் போட்டுட்டுப் போயிருவாங்க. அவங்கம்மா பிள்ளைய மடியில வச்சுக்கிட்டுத் தர மாட்டேன்னு உக்காந்துட்டா. யார் போய்க் கேட்டும் தரல.

"எங்களுக்கு அப்பன் இல்ல. ஆனா எங்கம்மா ஹன்னா, வீட்டுல ரொட்டி இல்லாட்டியும் சங்கத்துக்குக் கட்டிருவா. எனக்கும் கட்டுனா, என் தம்பி ஜோவுக்கும் கட்டுனா. ஜோவுக்கும் சேத்துக்கும் ஒரே வயசு. எங்கம்மா அந்த மடியைப் பார்த்துட்டு வந்தா, சால்வைய எடுத்துப் போட்டா, நேரா போயி, செத்தது என் பிள்ளை ஜோன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டா. சங்கம் காசு குடுத்துச்சு. நல்ல பெட்டி, மேட்டு சர்ச்சுல தனிக் குழி, மணியெல்லாம் அடிச்சாங்க. சேத்தைப் புதைச்சாங்க, ஜோ பேர்ல."

"அப்போ ஜோ?" என்றேன்.

"ஜோ கல்லு மாதிரி வளவுல கோலி ஆடிக்கிட்டிருந்தான். அதானே வினை! ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் மில் விட்டதும் வசூல்காரன் வருவான். எனக்குக் கட்டுற காசை வாங்க எங்க வீட்டுக்குள்ளயே வந்து நிப்பான். புதைச்ச பிள்ளை அடுப்புப் பக்கத்துல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? அதனால சனிக்கிழமையானா ஜோவை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் போய் எதுத்த வீட்டுல விடுவேன். 'யாரும் கேட்டா உன் பேரு சேத்'னு சொல்லிக் குடுத்ததே நான்தான். எனக்கு எட்டு வயசு. வளவு முழுக்கத் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கல. அந்த வளவுல சண்டை போடாத நாள் கிடையாது, ஆனா அதை மட்டும் யாரும் சொல்லல.

"முதல்ல சனிக்கிழமை மட்டும். அப்புறம், 'ராத்திரி இங்கயே படுத்துக்கட்டுமே ஹன்னா'ம்பா அந்தப் பொம்பளை. பிள்ளை செத்தவகிட்ட எப்படி முடியாதுங்குறது? அப்புறம் ஞாயிறும் அங்கதான். அப்புறம் சாப்பாடும் அங்கதான். அவன் அவளை அம்மான்னான், எங்கம்மாவை ஹன்னான்னான். ஆறு வயசு ஆகும்போது ஒரு திங்கக்கிழமை, நாங்க ரெண்டு பேரும் மில்லுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வண்டியில சாமானை ஏத்திக்கிட்டு ஹல்லுக்குக் கிளம்பிட்டாங்க. அவனையும் ஏத்திக்கிட்டு."

"போலீஸ்ல சொல்லலையா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். "என்னன்னு சொல்றது? புதைச்ச பிள்ளையத் திருடிட்டாங்கன்னா?"

கிளெம், எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்றே தெரியவில்லை. கட்டுக்கதை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் ஒன்று சொன்னாள். ஜோவுக்கு இடது முழங்காலுக்குப் பின்னால் இஸ்திரிப்பெட்டியின் மூக்குப் பட்ட தழும்பு இருக்குமாம். அவளே தெரியாமல் சுட்டதாம். நீதானே அப்பாவைக் குளிப்பாட்டுகிறாய். பார்த்து எழுது.

லெட்டி


ஹல்
21 பிப்ரவரி 1934

அக்கா,

இருக்கிறது.

இத்தனை நாள் அதைப் பீப்பாய் செய்கிற வேலையில் வளையம் கிழித்த தழும்பு என்று நினைத்திருந்தேன். இன்று துண்டால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் கூராக, இஸ்திரிப்பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருக்கிறது. "என்னடா அங்க பார்க்குற?" என்றார் அப்பா. ஒன்றுமில்லை என்றேன். கீழே வந்து சமையலறையில் வாந்தி எடுத்தேன். மீன் கெட்டுப்போயிருக்கும் என்றாள் டாரத்தி.

காசு வாங்குவதற்கு முன் பிள்ளைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்தில் முதல் விதி. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்கள். கதவு திறந்ததும் என் கண் தானாகத் தலைகளை எண்ணும். அந்த விதி ஏன் வந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பா மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் வந்திருக்கிறது. இன்று வசூலுக்குப் போனேன். ஒரு வீட்டில் பிள்ளை ஒன்று மேசைக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தது. நான் காசு வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

நம்மை வளர்த்த பாட்டி, மார்போடு அணைத்துத் தூங்க வைத்தவள், பிள்ளை திருடியா? அப்படியானால் நாம் யார்? என் பையன்களுக்கு ஞானஸ்நானத்தில் கொடுத்த பேர் யாருடையது? அக்கா, ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அப்பாவிடம் இதைச் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த நிமிடமே போய்விடுவார். சேத் ஆம்லராக நிம்மதியாகக் கண்ணை மூடட்டும். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கிளெமென்ட்


வெதர்ஷா
23 பிப்ரவரி 1934

கிளெம்,

நிம்மதியாகவா? எது என் கதவு என்று தெரியாமல் போய்விடுவேன் என்றார் என்னிடம். அதுவா நிம்மதி? அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பதில் நம் இருவர் கையிலும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்க உன்னால் முடியுமா? என்னால் முடியாது.

கெசியாவிடம் தழும்பைப் பற்றிச் சொன்னேன். அப்பா படுக்கையில் இருக்கிறார், வந்து ஒரு தடவை பாருங்கள் அத்தை என்றேன். அத்தை என்று கூப்பிட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அத்தையும் இல்ல, சொத்தையும் இல்ல. என் தம்பி மேட்டு சர்ச்சுல கிடக்கான். வருசா வருசம் களை பறிச்சது நான். எங்கம்மாவையும் அவன் பக்கத்துலதான் வச்சேன். அவனோடதான் எனக்குப் பழக்கம். ஹல்லுல கிடக்குற கிழவனை எனக்குத் தெரியாது."

"அவர் சின்னப் பிள்ளைதானே அப்போ?"

"ஆறு வயசு! அக்கா பேர் தெரியாதா? ஊர் பேர் தெரியாதா? வளர்ந்து மீசை முளைச்சப்புறம் ரயில் ஏறத் தெரியாதா? எங்கம்மா சாகுற வரைக்கும் இந்தக் கதவுக்குத் தாழ் போட்டதில்ல. நான் ஏன் இந்த இடிஞ்ச வீட்டைக் கட்டிக்கிட்டு அழுறேன்னு நினைக்குற? போ, போய் உங்கப்பனைக் கேளு."

அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அந்த ஆள் உன் மாடியில் படுத்திருக்கிறார். நகரசபைக்காரர்கள் அடுத்த வாரம் இடிக்கத் தொடங்குகிறார்கள். அவளை மேட்டுப் பக்கம் புது வீட்டுக்கு மாற்றப் போகிறார்களாம். நீ சொல்கிறாயா, இல்லை ஞாயிற்றுக்கிழமை ரயிலில் நான் வந்து சொல்லட்டுமா? இந்த முறை நீ கதவைக் காட்டினாலும் போகமாட்டேன்.

லெட்டி


ஹல்
28 பிப்ரவரி 1934

அக்கா,

சொல்லிவிட்டேன். உன் மிரட்டலுக்காக அல்ல. ஞாயிறு காலை அவரே மறுபடி கேட்டார்: "லெட்டி என்ன எழுதுனா?" என்னால் நாலாவது முறை பொய் சொல்ல முடியவில்லை.

"உங்க வீடு சந்து முனையில இருந்ததுதான்ப்பா. பம்புக்கு எதுத்தாப்ல இருந்தது ஆம்லர் வீடு" என்றேன்.

அவர் சிரித்தார். "நாமதானேடா ஆம்லர்?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்த எனக்குப் பயமாக இருந்தது, அதனால் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தேநீர் வேண்டாம், சூப் வேண்டாம். கூப்பிட்டால் பதில் இல்லை. நான் அவரைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். டாக்டரைக் கூட்டி வந்தேன். நாடி ஓடுகிறது, ஆனால் பேச மாட்டேன் என்கிறாரே, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். என்னவென்று சொல்வேன்?

மறுநாள் காலை அவராகவே என்னைக் கூப்பிட்டார். "கிளெம், அந்தப் பையன் எப்படி இருப்பானாம்?"

"எந்தப் பையன்?"

"சேத்துதான். இத்தனை நாளா அவன் பேரைத்தானே நான் போட்டுக்கிட்டுத் திரியுறேன். கல்யாணம் பண்ணினது அந்தப் பேர்ல. நான் செஞ்ச பீப்பாய்ல எல்லாம் அந்தப் பேரு. உங்களுக்குக் குடுத்ததும் அவன் பேரு. அவனைப் பத்தி ஒரு வார்த்தை தெரியாதே எனக்கு." அதற்குப் பிறகு அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அம்மா அடக்கத்தில்கூட அவர் அழவில்லை.

கெசியாவுக்கு இதைச் சொல். அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு போன ஒரு பெண் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேர்கூட ஞாபகம் இருக்கிறது, கெஸ் என்றார். ஹல்லுக்கு வந்த புதிதில் பாட்டியிடம் கேட்டிருக்கிறார். அது உன்னைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த பிள்ளை, காய்ச்சலில் செத்துப்போய்விட்டது, அந்தப் பிள்ளையின் அம்மாவும் செத்துவிட்டாள், அவர்களைப் பற்றிப் பேசாதே என்று சொல்லியிருக்கிறாள். அதனால்தான் அவர் வரவில்லை. செத்தவர்களைப் பார்க்க யார் ரயில் ஏறுவார்கள்? டிக்கெட் இத்துடன் வைத்திருக்கிறேன். சீக்கிரம் வரச் சொல். டாக்டர் முகம் சரியில்லை.

கிளெமென்ட்


வெதர்ஷா
2 மார்ச் 1934

கிளெம்,

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். செத்துப்போய்விட்டாள் என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "இன்னொரு தடவை வாசி" என்றாள். வாசித்தேன். அடுப்புக் கம்பியை எடுத்து ஓங்கி மேசையில் ஒரு அடி, தேநீர்க் கோப்பை தூள் தூளாகப் போயிற்று.

"என்னையும் புதைச்சுட்டாளா அந்தச் சிறுக்கி! எங்கம்மாவையும் சேர்த்து! சங்கத்துக்குக் காசு கட்டாமலே!"

பிறகு உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள், நானும் அழுதேன். அழுது முடித்துவிட்டு, ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நாளைக்குக் காலை ஏற்றிவிடுகிறேன். நீ ஸ்டேஷனுக்கு வா. கறுப்புத் தொப்பி, கையில் துணி மூட்டை. அவள் தேநீரில் பால் ஊற்ற மாட்டாள். உன் சங்கத்தைப் பற்றி ஏதாவது சொன்னால் வாயைக் கொடுக்காதே.

லெட்டி


ஹல்
9 மார்ச் 1934

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். அப்பா நேற்றுக் காலை போய்ச் சேர்ந்தார். கஷ்டம் ஒன்றும் இல்லை, கெசியா அத்தை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து நாளைப் பற்றி உனக்கு எழுத வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு வேறு வேலை ஓடாது.

வந்தவுடன் அவள் உட்காரவில்லை. கட்டில் அருகே போய், "காலைக் காட்டு" என்றாள். அப்பா ஒன்றும் புரியாமல் பார்த்தார். அவளே போர்வையை விலக்கிப் பார்த்தாள். "நான் போட்டதுதான்" என்று என்னிடம் சொன்னாள், ஏதோ நான் சந்தேகப்பட்ட மாதிரி.

"கெஸ்?" என்றார் அப்பா.

"ஏண்டா, நான் செத்துட்டேன்னு சொன்னா நம்பிருவியா நீ?"

"நான் செத்துட்டேன்னு ஒரு ஊரே நம்புச்சே" என்றார்.

அவள் சிரித்தாள், அக்கா. இருவரும் சிரித்தார்கள், அப்பாவுக்கு மூச்சு வாங்குகிற அளவுக்கு. நான் வாசலில் நின்று பயத்தில் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நாளும் அவள் அவரை ஜோ என்றுதான் கூப்பிட்டாள். முதல் நாள் அவர் திரும்பவில்லை, பேர் பழகவில்லை. மூன்றாவது நாள் தூக்கத்தில் கூப்பிட்டாலும் "ம்" என்றார்.

சேத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சொன்னாள்: யாரைப் பார்த்தாலும் கடிப்பான், ஒரு காலில்தான் செருப்பு இருக்கும், நிலக்கரி வண்டிக் குதிரைக்குப் பயப்படுவான், தன் ரொட்டியில் கொழுப்பை நக்கிவிட்டு மீதியை ஜோவிடம் கொடுப்பான். "அப்ப அவனும் நானும் கூட்டாளியா?" என்று கேட்டார். "பின்ன? எப்பவும் ஒண்ணாத்தான் திரிவீங்க" என்றாள். அது அவருக்குப் போதுமாக இருந்தது. அதற்கப்புறம் கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மரணத்தைப் பதிவு செய்யப் போனேன். பேர் என்ன என்று கேட்டார்கள். ஜோசப் சக்டன் என்றால், அந்த ஆள் 1866லேயே செத்தாயிற்று. சேத் ஆம்லர் என்றுதான் சொன்னேன். இத்தனை வருட வேலையில் இறந்தவர் பேரைத் தப்பாகச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டதில்லை. இன்று என் அப்பாவுக்கே போட்டேன்.

ஆனால் அத்தை விடமாட்டேன் என்கிறாள். மேட்டு சர்ச் குழி அவனுடையது, அவன் பேரில் வாங்கியது, அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள், அங்கேதான் வைக்க வேண்டும் என்கிறாள். நான் எவ்வளவோ சொன்னேன். சக்டன் குழியில் ஆம்லரை வைக்க என்ன காரணம் சொல்வது? உண்மையைச் சொன்னால் ஹன்னா சக்டன் சங்கத்தை ஏமாற்றியவள் என்று ஊர் பேசும், என் வேலையும் போகும். சொல்லாவிட்டால் திறக்க மாட்டார்கள். அவள் எதையும் காதில் வாங்கவில்லை, காலை ரயிலிலேயே கிளம்பிவிட்டாள். நீ கூடப் போ. அவளை அதிகம் பேச விடாதே. அப்பா முன் அறையில் கிடக்கிறார். எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கிளெமென்ட்


வெதர்ஷா
10 மார்ச் 1934

தம்பி,

இதை ஸ்டேஷன் தபால்பெட்டியில் போடுகிறேன், திங்கள் காலை உன் கையில் இருக்கும்.

இன்று காலை இருவரும் மேட்டு சர்ச்சுக்குப் போனோம். கல்லறைகளைப் பார்த்துக்கொள்கிறவர் கிரிம்ஷா என்று ஒருவர், கண்ணாடிக்கு மேலே நம்மைப் பார்க்கிற ஆள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அத்தைக்குச் சொல்லிக் கொடுத்தேன். தூரத்துச் சொந்தம், வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"அந்தக் குழியில யாரு இருக்காங்க?" என்றார் கிரிம்ஷா.

"எங்கம்மா. அப்புறம் ஒரு நாலு வயசுப் பையன்."

"தம்பி ஜோசப்தானே? நீங்க வந்து களை பறிக்கிறதைத்தான் நான் பார்க்குறேனே. இப்ப வைக்கணும்ங்குறது யாரு?"

"சேத் ஆம்லர். ஹல்லுல இறந்துட்டார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"சக்டன் குழியில ஆம்லரா?" பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதெப்படிம்மா? அவர் உங்களுக்கு என்ன உறவு?"

நான் அவள் கையைக் கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இங்க பாருங்க கிரிம்ஷா. சேத் ஆம்லர் ரொம்ப நாளா உள்ளதான் இருக்கான். இப்ப வரப்போறவன் என் தம்பி."

அந்த மனிதர் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாகக் கல்லறைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்றே நினைத்தேன். அத்தை அசையவில்லை, கன்னத்தில் கண்ணீர் வழிய நிமிர்ந்து நின்றாள்.

"எங்கம்மாவும் உங்க வளவுலதான் பொறந்தா" என்றார் கடைசியில். வேறு எதுவும் கேட்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"பையன் இருக்குற பக்கம் சின்னப் பிள்ளை அளவுக்குத்தான் தோண்டினது. பெருசாக்கணும். பெட்டி எவ்வளவு நீளம்?"

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அளந்து தந்தி கொடு, கிளெம். செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா.

லெட்டி